வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

1. திரையில் ஒரு வெள்ளை

ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட் வந்த முதல் வெள்ளிக்கிழமையே எங்கள் மேனேஜர் பிரதீப் சார் சென்னைக்குப் போன் போட்டு சாஃப்ட்வேர்காரர்களோடு சண்டை பிடித்தார். கம்ப்யூட்டர் திரையில் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை எல்லா ஸ்லாட்டிலும் பேர் விழுந்திருந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரையும் அப்படியே. நடுவில் மட்டும் ஈரத்துணி போட்டுத் துடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"நடுவுல ஒன்றரை மணி நேரம் புக்கிங்கே விழலைங்க. உங்க சர்வர்ல என்னமோ கோளாறு. செக் பண்ணுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் கவுண்டரில் விநாயகர் படத்துக்குப் பூ வைத்துவிட்டு நாள்காட்டியில் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். "சார், அது ராகு காலம்" என்றேன்.

போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட ஆமா மேடம். நான் இங்க சேர்ந்தது திங்கக்கிழம. எட்டரைக்கே வந்துட்டேன். ஒன்பது தாண்டட்டும்னு எங்கம்மா போன்லயே என்னக் கார்ல உக்கார வெச்சிருந்தாங்க" என்றார். பிறகு போனில், "ஒண்ணும் இல்லைங்க, நாங்களே பார்த்துக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் கிளினிக் புதுப்பட்டினத்தில் ஈசிஆர் மேலேயே இருக்கிறது. சர்க்கரை வியாதிக்கான கிளினிக். நான் பத்தாவது வரைதான் படித்தேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து காலையில் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, இந்தக் கவுண்டரில் உட்கார்ந்தே என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. பேர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, பில் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். நோயாளிகளுக்கு நான் லோகா அக்கா. பிரதீப் சாருக்கு மட்டும் மேடம்.

வெள்ளிக்கிழமை காலையில் கால் டாக்டரம்மா சென்னையிலிருந்து வருவார்கள். சர்க்கரையால் காலில் புண் வந்தவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான். புண் ஆறுகிறதா, விரலை எடுக்க வேண்டுமா என்று அவர்கள் வாயால் சொல்லுகிற நாள். அந்தச் சொல்லை ராகு காலத்தில் கேட்க யாருக்குத்தான் மனசு வரும்? டோக்கன் காலத்தில் நேரம் நம் கையில் இல்லை. நம்பர் வந்தால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஆப் வந்ததும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிற வசதி வந்துவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் அந்த நேரத்தை விட்டுவிட்டார்கள்.

நானும் அப்படித்தான். ராகு காலத்தில் ஒரு புதுப் புடவையைக்கூடப் பிரித்து உடுத்த மாட்டேன்.

2. பெஞ்சில் இரண்டு வகை

அந்த நேரத்தில் எங்கள் ஹாலைப் பார்த்தால் புது ஆளுக்கு ஒன்றும் புரியாது. ஒரு பெஞ்சில் அப்பாயின்ட்மென்ட் இருந்தும் உள்ளே போகாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருக்கிற குடும்பங்கள். பன்னிரண்டு மணிக்கு ஸ்லாட் வாங்கியிருப்பார்கள். ஆனால் ராகு காலத்தில் வீட்டை விட்டும் கிளம்பக் கூடாதே. அதனால் பத்து மணிக்கே கிளம்பி வந்து இரண்டு மணி நேரம் காத்துக்கிடப்பார்கள்.

எதிர் பெஞ்சில் அப்பாயின்ட்மென்ட் இல்லாதவர்கள். கடப்பாக்கத்திலிருந்தும் அதைச் சுற்றியிருக்கிற மீனவக் குப்பங்களிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். அந்த பஸ் வந்து சேரவே பத்தரை தாண்டிவிடும். நடு நேரம் காலியாக இருக்கிறதால் அவர்களை நான் உள்ளே அனுப்பிவிடுவேன். டாக்டரம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இவர்கள் பேரை ஆப்பில் ஏற்ற முடியாது. பேர் ஏற்ற ஓ.டி.பி. கேட்கும். ஓ.டி.பி. வருகிற போன் மகனிடம் இருக்கும், மகன் கடலில் இருப்பான். அதனால் பழைய டோக்கன் அட்டையைக் கொடுத்து, கடைசியில் பில் மட்டும் போடுவேன். எந்த நேரத்து ஆள் என்று பில்லில் இருக்காது.

அப்படி வருகிறவர்களில் ஏழுமலை என்று ஒருவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலையில் கிடந்த ஏதோ முள் குத்தி வலது கால் சுண்டுவிரல் பக்கம் புண். கால் மரத்துப்போனதால் குத்தியதே தெரியவில்லை. அவர் மனைவி கன்னியம்மா தோளைக் கொடுத்து அழைத்து வருவாள். புண்ணைச் சுத்தம் பண்ணி, கட்டு மாற்றி, இந்தக் காலை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று டாக்டரம்மா ஒவ்வொரு வெள்ளியும் போராடிக்கொண்டிருந்தார்கள். கால் போனால் அவருக்குப் படகு போச்சு.

எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஆகாதென்று ஒதுக்குகிற நேரத்தில் இந்த ஏழைகளைத் தள்ளிவிடுகிறேனே, இது பாவமில்லையா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கன்னியம்மா, இது ராகு காலம். உனக்கு மனசுக்கு ஒப்பலன்னா பன்னெண்டு மணி வரைக்கும் உக்காரு. எப்படியாவது நுழைச்சு விடறேன்."

"இன்னா எக்கா நீ, பஸ்ஸு எப்ப வருதோ அதான் எங்களுக்கு நல்ல நேரம்" என்றாள் அவள். "கடலுக்குப் போறதுக்கு காத்தத்தான் பாப்போம்."

ஏழுமலை விடவில்லை. "ராகு எங்க வூட்லதான் வாடக குடுக்காம குந்திக்கினு கீறான். இங்க வந்து புச்சா இன்னா பண்ணிடப்போறான்? நீ சீட்டக் குடு எக்கா."

"சும்மா இருய்யா. டாக்டரு வூட்ல வந்தும் வாயி" என்று கன்னியம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். எதிர் பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தது விசாலாட்சி அம்மாதான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

3. பேர் இல்லாதவர்கள்

சில மாதம் கழித்து பிரதீப் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"மேடம், ஹெட் ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்திருக்கு. வெள்ளிக்கிழம நடு நேரம் தொடர்ந்து காலியா இருக்குன்னு ரிப்போர்ட். அதனால பன்னெண்டு மணி ஆளுங்களையும் காலையில எட்டுலேர்ந்தே போட்டுடணுமாம், டாக்டரம்மா இங்க பத்தரை வரைக்கும்தான். அப்புறம் பொத்தேரி பிராஞ்சுக்குப் போயிடுவாங்க. அங்க எல்லா நேரமும் ஃபுல்லாம். அடுத்த மாசத்துலேர்ந்து."

"சார், காலியா எங்க இருக்கு? கடப்பாக்கத்து ஜனம் அத்தன பேரும் அந்த நேரத்துலதானே பார்க்கறாங்க? ஏழுமலை கால் இப்பதான் கொஞ்சம் ஆற ஆரம்பிச்சிருக்கு."

"எனக்குத் தெரியும் மேடம். உங்களுக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஸ்க்ரீனுக்குத் தெரியலையே."

"ராகு காலம்னு எழுதிப் போடுங்க சார். புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"அங்க உக்காந்திருக்கறவரும் வீட்ல ராகு காலம் பார்க்கற ஆளுதான். ஆனா அத மெயில்ல எழுத முடியுமா மேடம்? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ராகு காலம்னு போட்டா என்னையும் சேர்த்து பொத்தேரிக்கு அனுப்பிடுவாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்லாட்ல பேர் இருந்தா நான் சண்ட போடறேன். பேரே இல்லாதவங்களுக்காக நான் யார்கிட்ட போய்ப் பேசறது?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவரும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர்தான். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கவுண்டர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார்கள். யாரோ ஆப் திறக்கவில்லை என்றார்கள். பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

4. உறவுமுறை என்ற கட்டம்

அந்த வெள்ளிக்கிழமை விசாலாட்சி அம்மா வழக்கம்போல பத்து மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் டவுன்ஷிப்பில் பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். அம்மாவுக்குக் கால் எரிச்சல், மாதம் ஒரு முறை வருவார். போனில் கந்தர் சஷ்டி கேட்டுக்கொண்டே காத்திருப்பார்.

"என்ன லோகா, மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டார். எனக்கு அடக்கிவைக்க முடியவில்லை, முழுசும் சொல்லிவிட்டேன். கன்னியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழுமலை கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப பொத்தேரிக்கு எத்தினி பஸ்ஸு மாறணும் எக்கா?" என்றார். அன்றைக்கு அவர் தமாஷ் பண்ணவில்லை.

விசாலாட்சி அம்மா போனில் பாட்டை நிறுத்தினார். ஆப்பைத் திறந்தார். "இதுல என் நம்பர்லயே வீட்டுக்காரருக்கும் புக் பண்றேனே. குடும்பத்தினரைச் சேர்க்கன்னு ஒரு எடம் இருக்கு. ஏழுமலையச் சேர்த்தா ஓ.டி.பி. எனக்குத்தானே வரும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் கவுண்டர் பக்கத்துத் திரையைத்தான் பார்த்திருக்கிறேன். நோயாளிகளின் போனில் அது எப்படித் தெரியும் என்று பார்த்ததில்லை.

"வரும்மா. ஆனா உறவுமுறை கேக்குமே."

"கேக்கட்டும்." கட்டத்தைத் தொட்டார். வரிசையாக விழுந்தது: கணவர், மகன், மகள், தந்தை, தாய், மாமியார், சகோதரர். "உங்களுக்கு என்ன வயசு?" என்று ஏழுமலையைக் கேட்டார். சொன்னார். "அப்ப எனக்குத் தம்பி" என்று சகோதரரைத் தொட்டுவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுதலாமா? "அம்மா, பின்னால ஏதாவது பிரச்சன வந்தா?" என்றேன்.

"கோயில் கூட்டத்துல வழி விடுங்க தம்பின்னு கேக்கறோமே, அதெல்லாம் பொய்யா? நீ நேரத்தப் போடு லோகா."

ஓ.டி.பி. வந்தது. வெள்ளை வெளேரென்று கிடந்த பதினொரு மணி ஸ்லாட்டில் முதல் முறையாக ஒரு பேர் விழுந்தது. ஏழுமலை.

கன்னியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்யா, உனக்கு டவுன்ஷிப்புல அக்கா கீதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல? கல்யாணத்துக்குச் சீரு ஒண்ணும் வரலியே" என்றாள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்களும் போனை எடுத்தார்கள். ஒருவருக்கு மாமியார் கிடைத்தார். ஒருவருக்குச் சித்தப்பா வேண்டியிருந்தது, வரிசையில் அது இல்லாததால் அப்பாவாகவே வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசி வந்தது. பிரதீப் சார் திரையைப் பார்த்துக்கொண்டே கவுண்டருக்கு வந்தார். "மேடம், டவுன்ஷிப்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கடப்பாக்கத்துல இவ்ளோ சொந்தமா?"

"இருக்காங்க சார்."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெயில் அடித்தார். டாக்டரம்மா ஒன்றரை வரைக்கும் இங்கேயே இருந்தார்கள்.

5. தம்பி வரவில்லை

மழைக்காலத்தில் ஒரு வெள்ளி. அன்றைக்கு விசாலாட்சி அம்மாவுக்கு முறை இல்லை, வீட்டில் இருந்தார். தம்பிக்கு மட்டும் பத்தே முக்காலுக்கு ஸ்லாட் போட்டிருந்தார். பஸ் வந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். ஏழுமலையும் கன்னியம்மாவும் இல்லை. மழைக்குச் சோம்பிவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த பேரைக் கூப்பிட்டேன். கூட்டம் அப்படி.

கவுண்டர் போன் அடித்தது. விசாலாட்சி அம்மா.

"லோகா, உங்க சகோதரர் வரவில்லைன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. தம்பி ஏன் வரல?"

ஆப்பில் அப்படி ஒரு ஏற்பாடு. குறித்த நேரத்தில் வராவிட்டால், பதிவு செய்த நம்பருக்குத் தானாகச் செய்தி போய்விடும். டோக்கன் காலமாக இருந்தால் ஒருவர் வராவிட்டால் அந்த அட்டை டப்பாவிலேயே கிடக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"தெரியலம்மா. போன் மகன்கிட்ட, அவன் கடல்ல இருப்பான்" என்றேன். சொல்லும்போதே போன வாரம் டாக்டரம்மா ஏழுமலையிடம் சொன்னது ஞாபகம் வந்தது. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பாதத்துக்கு மேலே ஏறினாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவர் கணவர் பேசுவது எனக்கே கேட்டது. "பன்னெண்டு ஆகட்டும் விசாலம், போய்ப் பார்த்துட்டு வரலாம். இப்ப வண்டிய எடுக்க வேண்டாம்." அத்தனை பெரிய இன்ஜினியர்.

அம்மா அவருக்குச் சொன்ன பதிலும் கேட்டது. "என் தம்பிக்குப் பன்னெண்டு வரைக்கும் பொறுக்குமான்னு யாருக்குத் தெரியும்? சாவிய எடுங்க."

போன் வைத்துவிட்டார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாயே துர்க்கை, இது உன் நேரம், நீதான் கூட இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பில் போட்டேன்.

நடந்ததைப் பிறகு அம்மா சொன்னார். கன்னியம்மா சொல்லியிருந்த குப்பத்துக்குப் போய்ப் பேரைக் கேட்டதும் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். கன்னியம்மா விடியலிலேயே மீன் ஏலத்துக்குப் போனவள், மழையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். மகன் கடலில். ஏழுமலை பாயில் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். "தூங்கி எந்திரிச்சா சரியாப்பூடும்" என்றாராம். கட்டு நனைந்திருந்தது, காலைப் பார்த்தால் சிவப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. அக்கம்பக்கத்தவர் தூக்கிக் காரில் படுக்க வைக்க, அந்த இன்ஜினியர் ஐயா நேரே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். வழியெல்லாம் ஏழுமலை ஒரே பேச்சாம். "சீட்டு நனயும் சார், நான் கீழ குந்திக்கினு வரேன்" என்று. அம்மா அதட்டி அடக்கியிருக்கிறார்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று அங்கே சொன்னார்களாம். கால் தப்பியது.

பிறகு வந்த ஒரு வெள்ளியில் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். ஏழுமலை குச்சி ஊன்றி நடந்து வந்தார். கன்னியம்மா கையில் பை. "அக்காவுக்கு வஞ்சரம் கொணாந்தேன்" என்றாள். விசாலாட்சி அம்மா சைவம். வாசனையே ஆகாது. "தம்பி வீட்டுச் சீரை வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்று இரண்டு கையாலும் வாங்கி அப்படியே என்னிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை நானும் தொட மாட்டேன். கடைசியில் பிரதீப் சார் வந்து, "ராகு காலத்துல குடுத்தாலும் நான் வாங்கிக்குவேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

6. புதிதாகக் கவுண்டரில் உட்காருகிற பிள்ளைகளுக்கு

எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் நின்றுவிடுவேன். எனக்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. திரையில் ஒரு நேரம் காலியாகத் தெரிந்தால், அதை மூடுவதற்கு முன்னால் பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள். பேர் போட்டும் வராதவர் இருந்தால், அவர் ஏன் வரவில்லை என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் அன்றைக்கு அடுத்த பேரைத்தான் கூப்பிட்டேன். கேட்டது விசாலாட்சி அம்மா.

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் போவார்கள். எனக்கு மட்டும் அந்த நேரம் கவுண்டரிலேயே போய்விட்டது. இப்போது அதைப் பற்றிக் குறையில்லை. அந்த நேரத்தில் ஒருவர் உள்ளே போகும்போதெல்லாம் மனசுக்குள் "தாயே" என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் ஏற்றுக்கொண்டால் சரி.

போன வாரம் ஆப் புது வெர்ஷன் வந்திருக்கிறது. இனிமேல் குடும்பத்தினரைச் சேர்க்க ஆதார் கேட்குமாம். பிரதீப் சார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் அலுத்துப்போய்த்தான் இருந்தேன். அப்போது விசாலாட்சி அம்மாவிடமிருந்து போன்.

"லோகா, ஆதார் கேக்குதே. அதுல பேர் சேரலன்னா அவர் என் தம்பி இல்லன்னு ஆயிடுமா?"

"ஆகாதும்மா" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு நானே தம்பியோட வரேன். எப்படிப் பேர் ஏத்தறதுன்னு அங்க உக்காந்து பார்த்துக்கலாம்" என்றார்.

அவர் சொன்ன நேரம் என்ன நேரம் என்று அவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.